புரட்டாசி விரதம் இருந்த மீன்

எங்கள் வீட்டில் ஒரு மீன் புரட்டாசி விரதம் இருந்தது. இதைச் சொன்னால் இன்றைக்கு யாரும் நம்புவதில்லை. அன்றைக்கு நம்பியவர்கள் இருந்தார்கள். அவர்களில் முதல் ஆள் நான்தான்.

அப்போது நான் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். மலேசியாவில், கடலோரப் போர்ட்டிக்சன் பக்கம், லுக்குட்டுக்குப் போகிற வழியில், எண்ணெய்ச் செம்பனைத் தோட்டத்தின் ஓரத்தில், தொழிலாளர்களின் பழைய லயன்களை இடித்துவிட்டுக் கட்டிக் கொடுத்த வரிசை வீடுகளில் ஒன்று எங்களுடையது. அப்பா செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டினார். அம்மா வீட்டையும் அப்பாவையும் என்னையும் சேர்த்து ஓட்டினார். எதையும் கேட்டுத் தெளிந்துகொள்ள வேண்டும் என்று ஆசிரியை சொல்லியிருந்ததால், நான் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன். யாரும் தெளிவாகப் பதில் சொன்னதில்லை.

அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, சிரம்பானை ஒட்டிய அம்பாங்கானில் குடியிருந்தார். போர்ட்டிக்சனில் ஒரு ஹோட்டலில் அவருக்கு வேலை. தீபாவளி கழிந்ததும் மாமா வீட்டில் எனக்கு விளையாட ஒரு பாப்பா வரும் என்று பெரியவர்கள் சொல்லி வைத்திருந்தார்கள். நானும் என் பொம்மைகளில் கை போனது, தலைமுடி கொட்டியது என்று பார்த்து, கொடுக்கலாம் என்று தோன்றியவற்றை ஒரு பையில் எடுத்து வைத்திருந்தேன். ஒருநாள் மாமா அத்தையைச் சிரம்பான் ஆஸ்பத்திரியிலிருந்து நேராக எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தார். அத்தையின் வயிறு சின்னதாகிவிட்டிருந்தது. பாப்பாவைப் பற்றிய பேச்சும் அன்றோடு நின்றது.

அப்பாவிடம் கேட்டேன். "அத்தைக்குக் காய்ச்சல். போய்த் தொந்தரவு பண்ணாத" என்றார். நான் அத்தையின் கையைத் தொட்டுப் பார்த்தேன். சில்லென்று இருந்தது. காய்ச்சல் என்றால் சுட வேண்டும் என்பது எனக்குத் தெரிந்த ஒரே மருத்துவம். அதுவும் பொய்த்துப்போனது.

அத்தைக்குத் தாயார் இல்லை. மாமாவுக்கோ இரவு பகல் என்று மாறி மாறி வேலை. அதனால்தான் அத்தையை எங்கள் வீட்டில் விட்டார். அத்தையோடு காரிலிருந்து இன்னொரு விருந்தாளியும் இறங்கியது. பிளாஸ்டிக் பை நிறைய உப்புத் தண்ணீரில் ஒரு மீன்.

நடந்தது இதுதான். வரும் வழியில் ராசா என்ற ஊரில் மருந்து வாங்க மாமா காரை நிறுத்தியிருக்கிறார். பக்கத்தில் அலங்கார மீன் கடை. ஆஸ்பத்திரியை விட்டு வந்ததிலிருந்து எதையும் ஏறிட்டுப் பார்க்காத அத்தை, தானாக இறங்கிப் போய் ஒரு தொட்டியின் முன்னால் நின்றிருக்கிறார். யாராவது அழுதால் உடனே எதையாவது வாங்கிக் கொடுப்பது மாமாவின் வழக்கம். அவருக்குத் தெரிந்த ஒரே ஆறுதல் அது. அந்த மீனையும், தொட்டியையும், தொட்டியில் கிடந்த கல்லையும் அப்படியே தரச் சொல்லிவிட்டார். இது சாப்பாட்டு விஷயத்தில் ரொம்பப் பிடிவாதம் பிடிக்கிற மீன், வேறு வாங்கிக்கொள் என்று கடை முதலாளியான சீனத் தவுக்கேயே சொன்னாராம். அதைக் கேட்கிற நிலையில் மாமா இல்லை.

மீன் அழகாகத்தான் இருந்தது. வெள்ளி உடம்பில் மஞ்சள் பட்டைகள். கொக்கைப் போல நீண்ட மூக்கு. வாலுக்குப் பக்கத்தில், முதுகின் மேல், கறுப்பாக ஒரு பொய்க் கண். எந்தப் பக்கம் நின்றாலும் என்னைப் பார்ப்பது போலவே இருக்கும். கூடத்தில் வைக்க வேறு இடம் இல்லாததால், பெருமாள் படத்துக்கு நேர் எதிரே தொட்டியை வைத்தார்கள். கடலில் வாழ்கிற மீன், கடலுக்கு இவ்வளவு பக்கத்தில், உப்பு கரைத்த பைப்புத் தண்ணீரில் நீந்தியது. இதையும் கேட்டேன். அப்பா லோரியைக் கழுவப் போய்விட்டார்.

மறுநாளே புரட்டாசி பிறந்துவிட்டது.

மற்ற வருடங்களில் அம்மாவின் புரட்டாசி சனிக்கிழமையோடு முடிந்துவிடும். அந்த வருடம் அப்படி இல்லை. மாதம் முழுக்கச் சைவம், அதிலும் வெங்காயம் பூண்டு கிடையாது, பாயில்தான் படுக்கை. குளிர்பெட்டியை மஞ்சள் தண்ணீர் போட்டுக் கழுவிவிட்டார். முட்டை கூட வாசற்படி தாண்டக்கூடாது. ஏன் என்று கேட்டதற்கு, "வேண்டுதல்" என்று ஒரே சொல்லில் முடித்துக்கொண்டார். மாமா மீனுக்காக வாங்கி வந்த உறைந்த இறாலை அம்மா வாசலிலேயே தடுத்தார்.

"அக்கா, இது நமக்கில்ல, மீனுக்கு லா" என்றார் மாமா.

"யாருக்கா இருந்தாலும் இந்த ஒரு மாசம் உள்ள வராது தம்பி" என்றார் அம்மா. மாமா இறாலைப் பப்பாளி மரத்தடியில் வைத்துவிட்டு யோசித்துக்கொண்டிருந்தபோது பூனைக்கு வேட்டையாகிவிட்டது.

டப்பாவில் வந்த உலர்ந்த தீனியை அம்மா அனுமதித்தார். பார்ப்பதற்கு மசாலாத்தூள் போல இருந்ததால் அது எதிலிருந்து செய்தது என்று அவர் கேட்கவில்லை. மீன் அதை வாயில் வாங்கி, ஒரு கணம் யோசித்து, துப்பிவிட்டது. அடுத்து வேகவைத்த பட்டாணி. துப்பக்கூட இல்லை, திரும்பிக்கொண்டது. பிறகு அம்மாவே ஒரு வழி கண்டுபிடித்தார். புரட்டாசிக்கென்று கடைகளில் மாவில் செய்த சைவ இறால் விற்பார்கள். சிவப்புக் கோடெல்லாம் போட்டு, வளைந்து, அசல் இறாலின் அண்ணன் மாதிரியே இருக்கும். அதைப் பொடியாக அரிந்து தொட்டியில் போட்டார். நாங்கள் எல்லோரும் குழம்பில் போட்டு ஏமாந்து சாப்பிடுகிற அந்த இறாலிடம் மீன் ஏமாறவில்லை.

கண்ணேறாக இருக்கும் என்று பக்கத்து வீட்டு ஆன்ட்டி சொன்னார். அம்மா உப்பும் மிளகாயும் எடுத்துத் தொட்டியைச் சுற்றிப் போட்டார். "உப்புலயே கெடக்குற மீனுக்கு உப்பு சுத்துனா எப்படிக்கா புடிக்கும்?" என்று மாமா கேட்டார். வேறு நாளாக இருந்தால் எல்லோரும் சிரித்திருப்போம்.

சிரிக்க முடியாததற்குக் காரணம் அத்தை. அவரும் சாப்பிடவில்லை. பிஸ்கட்டை நனைத்துக் காப்பி குடிப்பார், அவ்வளவுதான். நாள் முழுக்கத் தொட்டிக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். அம்மா தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டு போய் நிற்பார். "அது சாப்பிடட்டும் அண்ணி. அப்புறம் நான் சாப்பிடுறேன்" என்பார் அத்தை. அம்மா தட்டோடு திரும்பி வருவார். இந்தப் பேச்சு தினமும் நடந்தது. அத்தையின் கன்னம் ஒட்டிக்கொண்டே போனது. வளையல் முழங்கை வரை ஏறி இறங்கியது. எனக்குப் பயமாக இருந்தது. மீன் செத்துப்போனால் அத்தையும் செத்துப்போவார் என்று நான் உறுதியாக நம்பினேன். ஆனால் அதைக் கேட்கும் அளவுக்கு எனக்குத் துணிச்சல் இல்லை. அந்த நாள்வரை நான் வாய்திறக்காமல் வைத்திருந்த ஒரே கேள்வி அதுதான்.

பயத்துக்கு மருந்தாக நானே ஒரு விளக்கம் கண்டுபிடித்தேன். பெருமாள் முதலில் மீனாக வந்தவர் என்று சமய வகுப்பில் சொல்லியிருந்தார்கள். இந்த மீனோ பெருமாளைப் பார்த்தபடியே இருக்கிறது. புரட்டாசி பிறந்ததிலிருந்து வயிற்றுக்குள் எதுவும் போகவில்லை. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? மீன் விரதம் இருக்கிறது. விரதம் இருந்து யாரும் செத்துப்போனதில்லை, அம்மாவே நன்றாகத்தானே இருக்கிறார்.

இதைப் பக்கத்து வீட்டு ஆன்ட்டியிடம் சொன்னேன். ஆன்ட்டி வந்து பார்த்து, கன்னத்தில் போட்டுக்கொண்டு, போனில் படம் பிடித்துக் கோயில் குழுவில் போட்டுவிட்டார். மறுநாளிலிருந்து வரிசை வீடுகளில் உள்ளவர்கள் ஒவ்வொருவராக வர ஆரம்பித்தார்கள். ஒருவர் துளசிகூடக் கொண்டு வந்தார். தொட்டிக்குள் போடவிடாமல் மாமா பாய்ந்து தடுத்தார். வந்தவர்கள் மீனைக் கும்பிட்டுவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்திருந்த அத்தையைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்கள். "கவலப்படாதமா, வயசு இருக்கு" என்றார்கள். வயது எல்லோருக்கும்தானே இருக்கிறது, இதில் ஆறுதல் எங்கே என்று எனக்கு விளங்கவில்லை.

ஒருநாள் பள்ளி விட்டு வந்து பின்பக்கமாக நுழைந்தேன். குழாயடியில் அம்மா குந்தியிருந்தார். எதிரே ஒரு பழைய பேசின். லுக்குட் பசாரிலிருந்து வந்த பிளாஸ்டிக் பை. உள்ளே கெராங். உள்ளே ரத்தம் போலச் சாறு வைத்திருக்கும் அந்தச் சின்னச் சிப்பியை நாங்கள் வழக்கமாக வெந்நீரில் போட்டுத்தான் திறப்போம். உயிரோடு இருந்த சிப்பியை அம்மா கத்தி நுழைத்துத் திறந்துகொண்டிருந்தார். பழக்கம் இல்லாததால் கத்தி விரலில் வழுக்கி, எது சிப்பியின் சிவப்பு, எது அம்மாவின் சிவப்பு என்று தெரியவில்லை. முட்டையை வாசலில் நிறுத்திய அம்மா. கழுத்தில் துளசி மாலை தொங்கியது.

"அம்மா, பெரட்டாசி" என்று நினைவூட்டினேன். மறந்துவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

"தெரியும். வாய மூடிக்கிட்டு அந்தத் துணிய எடு" என்றார்.

ராசாத் தவுக்கேவுக்கு அம்மாவே போன் போட்டுக் கேட்டிருக்கிறார் என்பது பிறகு தெரிந்தது. உயிருள்ள சிப்பியைப் பாதி ஓட்டோடு கல்லின் மேல் வைத்தால் இந்த வகை மீன் கொத்தும் என்று அவர் சொல்லியிருக்கிறார். அம்மா சிப்பியைக் கையில் பொத்திக்கொண்டு கூடத்துக்கு வந்தார். தொட்டிக்கு முன்னால் அத்தையின் நாற்காலி காலியாக இருந்தது. முதலில் பெருமாள் படத்துக்கு முன்னால் இருந்த திரையை இழுத்து மூடினார். திரை போட்டால் சாமிக்குத் தெரியாதா என்று கேட்க வாயெடுத்தேன். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டேன். கையை உள்ளே விட்டுச் சிப்பியைக் கல்லின் மேல் வைத்தார். மீன் மூலைக்குப் போய் ஒதுங்கிக்கொண்டது.

திரும்பினால், அடுக்களை வாசலில் அத்தை நின்றுகொண்டிருந்தார். குழாயடியைப் பார்த்த பின்பக்க ஜன்னல் அவருக்குப் பின்னால்தான் இருந்தது. எவ்வளவு நேரமாக அங்கே நின்றாரோ தெரியாது. அம்மாவின் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணி, பசிக்குது. கொஞ்சம் சோறு போடுங்க" என்றார்.

நான் தொட்டியைப் பார்த்தேன். மீன் மூலையிலேயே இருந்தது. "அத்தை, மீன் இன்னும் சாப்பிடலையே" என்றேன். ஒப்பந்தம் என்றால் ஒப்பந்தம் அல்லவா?

"அது மெதுவா சாப்பிடட்டும்" என்றார் அத்தை.

அம்மா சோறு போட உடனே போகவில்லை. குளியலறைக்குப் போய்த் தலைக்கு ஊற்றிக்கொண்டு, எலுமிச்சம்பழத்தால் கையைத் தேய் தேய் என்று தேய்த்துவிட்டு வந்தார். ஈரத் தலையோடு ரசம் சோறு போட்டார். அத்தை குனிந்து சாப்பிட்டார். கண்ணிலிருந்து வழிந்தது தட்டில் விழுந்தது. ரசத்தில் மிளகு அதிகம் என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மாலையில் மீன் மெல்ல வந்தது. சிப்பியை ஒரு கண்ணால் பார்த்தது, பிறகு பொய்க் கண்ணைக் காட்டியது, கடைசியில் அந்த நீண்ட மூக்கை ஓட்டுக்குள் விட்டு ஒரு கொத்துக் கொத்தியது. அதன் பிறகு ஓடு வெளுக்கும்வரை விடவில்லை.

சனிக்கிழமை மாவிளக்குப் படையல். வரிசை வீட்டுக்காரர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். "கோவிந்தா" போட்டு முடித்ததும், ஆன்ட்டி விரத மீனைக் கும்பிடப் போனார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம். சிப்பி ஓட்டைக் கண்ணாடித் தொட்டியில் எங்கே மறைப்பது? ஆன்ட்டியின் கண் ஓட்டில் நின்றது. பிறகு அம்மாவிடம் வந்தது. "என்னக்கா இது, கெராங் மாதிரி இருக்கு?" என்றார்.

அம்மாவின் கையில் தீர்த்தச் செம்பு இருந்தது. பொய் சொல்லவும் முடியாமல் மெய் சொல்லவும் முடியாமல் அம்மா நின்றதை நான் அன்றுதான் பார்த்தேன்.

"நான்தான் போட்டேன்" என்றார் அத்தை. "அண்ணிக்குத் தெரியாது. எனக்கு விரதம் எதுவும் இல்ல."

நான் கண்ணால் பார்த்தவள். போட்டது அத்தை இல்லை. பொய் சொன்ன அத்தையை அம்மா திட்டுவார் என்று காத்திருந்தேன். அம்மாவோ செம்பைக் கீழே வைத்துவிட்டு, எல்லோருக்கும் முன்னால் முதல் இலையை அத்தைக்குப் போட்டார். பெரியவர்களிடம் கேள்வி கேட்பதை நான் சில நாட்களுக்கு நிறுத்தி வைத்தது அதற்குப் பிறகுதான்.

பல வருடங்கள் கழித்து அப்பா ஏதோ பேச்சுவாக்கில் சொன்னார். அத்தையின் வயிற்றில் பிள்ளை தங்காது போலிருக்கிறது என்று டாக்டர் சொன்ன நாளில் அம்மா வேண்டிக்கொண்ட விரதமாம் அது. புரட்டாசி பிறப்பதற்கு முன்பே பிள்ளை போய்விட்டது. கேட்டது கிடைக்காமல் போன பிறகும் அம்மா அந்த விரதத்தைப் பிடித்தார். அப்படிப் பிடித்ததை, ஒரு நடுப்பகலில், அவரே தன் கையால் முறித்தார்.

எட்டு ஒன்பது வயதில் எனக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? மீன் சாப்பிட்டது, அதனால் அத்தை சாப்பிட்டார் என்றுதான் பள்ளியில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒன்றே ஒன்றுதான் இடித்தது. மீன் சிப்பியைத் தொட்டது மாலையில். அத்தை சோறு கேட்டது மத்தியானத்தில்.