கறுப்புக் கட்டத்துக்குள் ஒரு முகம்

"…எப்ப எடுக்குறீங்கன்னு கேக்குறாருண்ணே, யாரோ ஒரு அங்கிள். எங்கப்பா செத்துட்டாருன்னு இவங்களுக்கு யாரு சொன்னா?"

போனைக் காதிலிருந்து இறக்காமலே என்னிடம் கேட்டாள், பக்கத்து வீட்டுப் பெண். எடிசன் ஊரில், ஓக் ட்ரீ ரோட்டு மளிகைக் கடை வாசலில், என் காருக்குள் இருந்தோம். மதுரையிலிருந்து விசிட்டர் விசாவில் வந்திருந்த அவள் அப்பா, காலையில் ஸ்வெட்டர்கூடப் போடாமல் வீட்டைவிட்டு இறங்கிப் போய்விட்டார். மறதிக்கார மனுஷர். ஜனவரிக் குளிர். போலீஸ் தேடிக்கொண்டிருந்தது, வாட்ஸ்அப்பிலும் போட்டாயிற்று. நம்ம பெருசுங்க போனைப் பார்க்காது, கடைச் சுவரைத்தான் பார்க்கும் என்று அவள்தான் நோட்டீஸ் அடிக்கச் சொன்னாள்.

அடித்துக் கொடுத்தவர் இங்கேயே அச்சகம் வைத்திருக்கும் சிவகாசிப் பக்கத்துக்காரர். விஷயம் கேட்டதும் கையிலிருந்த கல்யாணப் பத்திரிகையை அப்படியே ஓரம் தள்ளிவிட்டார். அவள் கொடுத்த படம், தம்பி கல்யாணத்தில் அப்பா மண்டப வாசலில் நின்று கும்பிட்டு வரவேற்றது. எடுப்பாகத் தெரியட்டுமே என்று அவர் சுற்றிலும் தடியாகக் கறுப்புக் கட்டம் போட்டார். மூன்று பேரும்தான் பார்த்தோம். ஒருத்தருக்கும் உறைக்கவில்லை; அப்படியே கடை கடையாக ஒட்டிவிட்டோம்.

நம்மூர்ச் சுவரில், கட்டத்துக்குள் கும்பிட்டபடி நிற்பவர் யாரென்று குழந்தைக்குக்கூடத் தெரியும். மேலே 'காணவில்லை' என்றும் போன் நம்பரும் இருக்கத்தான் இருந்தன. குளிரில் காருக்கு ஓடுகிறவர்கள் படத்தோடு நின்றுவிட்டார்கள். பாவம் என்று உச்சுக்கொட்டிவிட்டுப் போனார்கள். தேட வேண்டுமென்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

அச்சு இயந்திரம் வந்த பிறகுதான் ஒரு சேதி ஊரெல்லாம் ஒரே மூச்சில் போய்ச் சேர்ந்தது என்பார்கள். தப்பும் அதே வண்டியில்தான் ஏறிப் போகிறது. கையால் எழுதியிருந்தால் ஒரு தாளோடு போயிருக்கும். இது எடிசனில் நம்மாட்கள் நடமாடும் சுவரிலெல்லாம் அவரைச் சாகடித்துவிட்டது.

அச்சுக்காரரைக் கூப்பிட்டேன். கட்டத்தை எடுத்துவிட்டு மறுபடி அடித்துத் தர ஒரு மணி நேரமாவது ஆகும் என்றார். வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. பனி தூற ஆரம்பித்திருந்தது.

"அவ்வளவு நேரம் அப்பா தாங்க மாட்டாருண்ணே."

இறங்கினாள். கையுறையைப் பல்லால் கடித்து உருவிப் போட்டுவிட்டு, சுவரிலிருந்த நோட்டீஸைப் பிய்த்தாள். நாலு பக்கமும் கறுப்பைக் கிழித்தாள். கும்பிட்ட கைகளையும் கிழித்தாள். மிஞ்சிய 'காணவில்லை'யையும் முகத்தையும் நம்பரையும் திரும்ப ஒட்டி, உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்துவிட்டு, அடுத்த கடைச் சுவருக்கு ஓடினாள்.