என் பெயருக்கு நான்கு கொட்டைகள்

வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலத்தில், எங்கள் தோட்டத்து லய வீடுகளைச் சுற்றி முள்கம்பி போட்டுவிட்டார்கள். அரிசியைத் தலைக்கு இவ்வளவு என்று அளந்துதான் தருவார்கள். ஒரு பிடி கூடினாலும் காட்டுக்குள் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளுக்குப் போகிறதென்று சந்தேகம்.

எனக்குக் கல்யாணமாகி மூன்று மாதம் இருக்கும். காலையில் மூடுபனியும் எங்களோடு அரிசி வரிசையில் நிற்கும். முன்னால் நிற்பவளின் கொண்டை மட்டும் தனியாக மிதப்பதுபோலத் தெரியும். அன்று அந்த வெள்ளைக்குள்ளிருந்துதான் கணக்கெழுதும் கிராணியின் குரல் வந்தது. பெண்கள் பட்டியலில் என் பெயர் நான்கு தடவை இருக்கிறதாம். கை தவறி எழுதியதென்று மூன்றை அடித்துவிட்டாராம்.

அது எங்கள் தோட்டத்து அம்மனின் பெயர். திருவிழா மாதத்தில் பிறந்த பெண்ணுக்கெல்லாம் அதையே வைப்பார்கள். அந்தப் பெயரில் மூன்று பேர் இருந்தோம். மூன்று பேருக்கு ஒரே பங்கா?

எனக்கு என் பெயரை எழுத மட்டும்தான் தெரியும். ஆனால் எண்ணிக்கையில் என்னை யாரும் ஏமாற்றிவிட முடியாது.

"ஐயா, அடிச்சதையும் சேத்து மொதல்லருந்து படிங்க. நான் எண்ணிக் காட்டுறேன்லா."

"எழுதுன நானே முழிக்கிறேன், நீ எண்ணப் போறியா?" என்றார். ஆனாலும் படித்தார்.

நாற்றுப் போட வைத்திருந்த தேயிலைக் கொட்டைகளை அள்ளிக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். புதுப் பெயர் வந்தால் புது இடத்தில் ஒரு கொட்டை. வந்த பெயரே திரும்ப வந்தால் அதே இடத்தில் இன்னொன்று. எது யாருடையதென்று மனதுக்குத் தெரியும். பெயர்கள் பனியில் மிதந்து வந்து என் கைக்குள் விழுவதுபோல இருந்தது.

பிறகு அவரவர் பெயருக்கான இடத்திலிருந்து ஆளுக்கொரு கொட்டை எடுக்கச் சொன்னேன். வேறொரு பெயரில் இரண்டு இருந்தன. அந்தப் பெயருள்ள இருவரும் எடுத்துக்கொண்டார்கள். என் பெயரில் நான்கு. மூவரும் எடுத்தோம். ஒன்று மிஞ்சியது.

"இது யாருக்கும்மா? காட்டுக்கா?" என்றார் கிராணி.

வாசல் காவல்காரன் திரும்பிப் பார்த்தான். வரிசையில் நின்ற என் அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். அப்போதுதான் எனக்கு விளங்கியது.

"அதுவும் நான்தான் ஐயா. பொறந்த வீட்டுல ஒன்னு, புருஷன் வீட்டுல ஒன்னு. கல்யாணமானப்ப பழசை நீங்க அடிக்கல."

தன் தவறும் அதில் இருந்ததாலோ என்னவோ, கிராணி உடனே பேனாவை எடுத்தார். அடித்த மூன்றில் இரண்டைத் திரும்ப எழுதினார். அம்மா வீட்டில் ஒரு பங்கு குறைந்தது.

அரிசிப் பையோடு என்னைக் கடந்தபோது அம்மா நின்றாள். "சோறு ஏன் கொறஞ்சுதுன்னு சின்னதுங்க கேட்டா நீயே வந்து சொல்லுடி."

சாயங்காலம் போய்த் தம்பி தங்கைகளிடம் சொன்னேன்.