என் முழங்கை உயரத்தில் ஒரு சமையலறை

1. மாதிரி இல்லத்தரசி

அரசுக் குடியிருப்புகளுக்கு வரைபடம் தயாரிக்கும் பிரிவில் நான் சேர்ந்த முதல் நாளே, சமையல் மேடையின் உயரத்தைத் தீர்மானிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. நிற்பவரின் முழங்கைக்குச் சற்றுக் கீழே மேடை அமைய வேண்டும் என்பது பாடம். அளப்பதற்கு எங்கள் பிரிவில் பெண்கள் எவரும் இல்லை. மேலதிகாரி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்களே நில்லுங்க. முழங்கைதானே, எல்லாருக்கும்தான் இருக்கு."

நின்றேன். என் உயரம் ஐந்தடி பதினோரங்குலம். இவ்வாறாக, எண்ணற்ற வீடுகளின் இல்லத்தரசியாக நான் நியமனம் பெற்றேன்.

சில ஆண்டுகளில், அதே வரைபடப்படி கட்டிய டெல்லி ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸ் எனக்கே கிடைத்தது. என் மனைவி லலிதா ஐந்தடிக்கும் ஓர் அங்குலம் குறைவு. மேடையைப் பார்த்தவுடன் கேட்டாள்.

"இத வரஞ்சவன் வீட்டுல ஒட்டகமா சமைக்குது?"

வரைந்தவன் யார் என்று நான் தெரிவிக்கவில்லை. மறுவாரம் அவள் அடுப்புக்கு முன் ஒரு மரப்பலகையைப் போட்டு அதன்மீது நின்று சமைத்தாள். டெல்லிக் குளிரில் தரை சில்லிட்டிருப்பதுதான் காரணம் என்று முடிவு செய்தேன். மே மாதத்திலும் பலகை அங்கேயே கிடந்தது. அதற்கும் ஏதோ ஒரு விளக்கம் வைத்திருந்தேன்.

பின்னர் குடியிருப்போர் கருத்தறியும் படிவம் வந்தது. முதல் படிவத்தை வீட்டிலேயே நிரப்பினேன்.

"மேடை உயரம் எப்படி இருக்கு?"

"பரவாயில்லங்க."

'திருப்திகரம்' என்ற கட்டத்தில் டிக் செய்தேன்.

2. டாக்டரின் கேள்வி

ஓய்வுக்குப் பின் டெல்லியிலேயே, துவாரகா பகுதியில் வாங்கிய ஃப்ளாட்டிலும் மேடை ஏறக்குறைய அதே உயரம். பில்டரைப் பாராட்டினேன். அடுத்த ஆண்டு, இடது கைக்காரியான லலிதாவால் இடது தோளைத் தூக்க முடியாமல் போயிற்று. தலை பின்னிக்கொள்ளவும் இயலவில்லை.

எலும்பு மருத்துவர் இளம் பெண். "கிச்சன் ஸ்லாப் எவ்வளவு ஹைட், ஆன்ட்டி?" என்று கேட்டார்.

"அத இவர்கிட்டதான் கேக்கணும். இவர் போட்ட அளவுதான்."

அத்தனை ஆண்டுகளாக அவளுக்குத் தெரிந்திருக்கிறது. மேடையைத் தாழ்த்தாவிட்டால் தோள் தேறாது என்றார் மருத்துவர். அவர் பார்த்தது என்னை.

கொத்தனார் சலீம் மிஸ்திரியை வரவழைத்தேன். லலிதாவை நிமிர்ந்து நிற்கச் சொல்லி நான் டேப்பை நீட்டியபோது அவர் இந்தியில் குறுக்கிட்டார்.

"சாப், மேடம் கிச்சன்ல பரேடா பண்ணப் போறாங்க? சமைக்கிற மாதிரி செஞ்சு காட்டட்டும்."

லலிதா இல்லாத சப்பாத்தியைத் தேய்த்தாள். பிறகு, வலியோடு, இல்லாத சாம்பாரைக் கிளறினாள். மிஸ்திரி சுவரில் இரண்டு சாக்பீஸ் கோடுகள் போட்டார். அடுப்புக்கான கோடு கீழே இருந்தது. அடுப்பின் உயரமும் பாத்திரத்தின் உயரமும் மேடைக்கு மேல் ஏறுமல்லவா? என் வரைபடத்தில் மேடை இருந்தது, முழங்கை இருந்தது. அடுப்பு இல்லை.

3. எட்டுக் குறைகள்

புதிய மேடையில் சமைக்கத் தொடங்கிய மூன்றாம் மாதம் அவள் தானே தலை பின்னிக்கொண்டாள். பாராட்டை எதிர்பார்த்துச் சமையலறை வாசலில் நின்றேன்.

"சிங்க் ரொம்பப் பள்ளம், குனிஞ்சே தேய்க்க வேண்டியிருக்கு. மேல் ஷெல்ஃப் எட்டல. என்ன பாக்கறீங்க? பேப்பர் எடுத்து எழுதுங்க."

எட்டுக் குறைகள் எழுதினேன். என் பணிக்காலம் முழுவதிலும் கிடைக்காத கருத்தறியும் படிவம் அது. இத்துறைக்கு வரும் இளையவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுவே: சமைப்பவர் கூச்சமின்றிக் குறை சொல்லத் தொடங்கும் நாளில்தான் சமையலறை அவருடையதாகிறது. அதுவரை அது வரைந்தவனுடையது.

ஆறு குறைகளைச் சரிசெய்தோம். சென்ற குளிர்காலத்தில் லலிதா காலமானாள். காரணம் இதயம், தோள் நன்றாகவே இருந்தது.

இப்போது சமைப்பவன் நான். நான் சாம்பார் என்று அழைப்பதை என் மகன் வேறு பெயரில் அழைக்கிறான். ஏழாவது குறை, மிக்ஸியின் பிளக் பாயின்ட் இடப்பக்கம் வேண்டும் என்பது. சென்ற வாரம் வந்த எலெக்ட்ரீஷியன் இந்தியில் கேட்டார்.

"அங்கிள்ஜி, உங்களுக்கு வலது கைப் பழக்கம். லெஃப்ட்ல எதுக்கு?"

பட்டியலைக் காட்டினேன். அவருக்குத் தமிழ் தெரியாது. இடப்பக்கமே பொருத்திவிட்டுப் போனார்.

எட்டாவது, அலமாரிக் கதவு கிறீச்சிடுகிறது என்பது. ஒரு சொட்டு எண்ணெய் போதும். இன்னும் விடவில்லை.