எட்டோடு நிற்காத விரல்

என் கணவருக்குச் சங்கீத ஞானம் அபாரம். சபாவில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்த யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், கண்ணில் தண்ணீரோடு சொல்வார்கள். பாட்டு ஆரம்பித்ததுமே அவர் வலது கை தொடையில் இறங்கிவிடும். ஆதி தாளம் என்றால் ஒரு தட்டு, பிறகு சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், அவ்வளவுதான். அப்புறம் தட்டி வீசி, தட்டி வீசி, ஆக எட்டு. மயிலாப்பூரில் தவழுகிற குழந்தைக்கும் இது தெரியும். இவர் மட்டும் ஆட்காட்டி விரலையும் சேர்த்து ஒன்பதாக்கி, பஸ்ஸைத் தவறவிட்டவர் மாதிரி அடுத்த சுற்றில் ஓடிப் பிடிப்பார். முன்வரிசை திரும்பிப் பார்க்கும். நான் அந்த விரலைப் பிடித்து அமுக்குவேன். முப்பது வருஷத்தில் நான் அவர் கையைப் பிடித்ததெல்லாம் பெரும்பாலும் இதற்காகத்தான்.

நான் அடையாறில் ஒரு பள்ளியில் விலங்கியல் டீச்சராக இருந்தவள். ஒரு வருஷம் பாடத்துக்கு ஆக்டோபஸ் ஒன்று வேண்டுமென்று, மீன் வாசனை பட்டாலே தலைக்குக் குளிக்கிற வீட்டிலிருந்து கிளம்பிப் பட்டினப்பாக்கம் போனேன். "எட்டுக்கால் பிராணி இருக்கா?" என்று கேட்டேன். மீன்கார அம்மாள் சிரித்து முடித்துவிட்டு, அதற்குப் பேய்க்கணவாய் என்று பெயர், அவை கால்களும் இல்லை, கைகள் என்று டீச்சருக்குப் பாடம் நடத்தினாள். அப்போதுதான் வெட்டிய ஒரு கையில் தன் விரலை வைத்தாள். அது விரலைப் பற்றிக்கொண்டது.

"தல அங்க கீது பாரு டீச்சர். கை அதும்பாட்டுக்குப் புட்ச்சிக்கினு கீது. அதுக்குத் தலயக் கேக்குற பழக்கமே இல்ல."

நான் தடித்தடிப் புத்தகங்களைப் படித்துச் சொல்லிக்கொடுத்ததும் இதைத்தான். அதன் நரம்பணுக்களில் பெரும்பங்கு கைகளில்தான் இருக்கிறது. உறிஞ்சிகள் தொட்டதுமே ருசியும் பார்த்துவிடும். தலை பொதுப்படையாக ஓர் உத்தரவு போட்டால் போதும், எப்படி வளைவது, எதைப் பிடிப்பது என்பதெல்லாம் பெரும்பாலும் கையின் பாடு. அன்று சாயங்காலம் கணவரிடம், உங்கள் கையும் இந்த ரகம்தான் என்றேன். சைவக் கையைக் கணவாயோடு சேர்த்துவிட்டேனாம், இரண்டு நாள் பேசவில்லை. அதுவாவது எட்டோடு நிற்கிறதே என்றேன். மூன்றாவது நாளும் பேசவில்லை.

போன ஐப்பசியில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சு இரண்டு வாரத்தில் திரும்பிவிட்டது, என்னைக் குறை சொல்வது அதற்கும் முன்னாலேயே திரும்பிவிட்டது. வலது கை மட்டும் வரவில்லை. மூளைதான் கைக்கு மறுபடி சொல்லிக்கொடுக்க வேண்டும் என்றார் வேளச்சேரியிலிருந்து வந்த பிசியோதெரபிஸ்ட். கணவர் நெற்றி நரம்பு புடைக்க உத்தரவு போடுவார். மனு வாங்கிப் போட்ட ஆபீஸ் மாதிரி கை சும்மா கிடக்கும். நானும் சும்மா இருப்பேனா? எந்த விரலை எத்தனை முறை அசைப்பது என்று அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டினேன்.

அதைப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "முப்பது வருஷமா அமுக்கி அமுக்கி வச்சே. இப்ப அசைன்னா எப்படிடீ அசையும்?"

வேடிக்கையாகத்தான் சொன்னார். நான் சமையலறைக்குப் போய் அழுதேன்.

மார்கழி வந்தது. சபாவுக்குப் போக வழியில்லை. ஒரு மத்தியானம் போனில் கச்சேரியைப் போட்டுவிட்டு, அவர் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கினேன். யாரும் யாருக்கும் உத்தரவு போடவில்லை. பாட்டு பாதியில் அவர் வேட்டிமேல் ஏதோ அசைந்தது. உள்ளங்கை லேசாக எழும்பி விழுந்தது. பிறகு சுண்டுவிரல். ரொம்ப யோசித்து மோதிரவிரல். நடுவிரல்.

அங்கே நிற்க வேண்டும். நான் கத்தியைக் கீழே வைத்தேன். கற்பகாம்பாளே, நின்றுவிடக் கூடாது, இன்னும் ஒன்று, ஒன்றே ஒன்று என்று வேண்டிக்கொண்டேன்.

ஆட்காட்டி விரல் எழுந்தது.

"தப்பாப் போடறேனோ?" என்றார், கண்ணைத் திறக்காமல்.

"சரியாத்தான் இருக்கு. போடுங்கோ" என்றேன். என் தொடையில் நானும் ஒன்பது எண்ணினேன்.