மாப்பிள்ளைக்கு வாங்கிய கடிகாரம்

யுத்தம் முடிந்த சமயம், வெண்ணந்தூரில் எனக்கு மாப்பிள்ளை பேசியிருந்தார்கள். நிச்சயத்துக்கு, சாவி கொடுக்காமலே ஓடும் கைக்கடிகாரம் வேண்டும் என்று அவர்கள் வீட்டில் கேட்டார்கள். அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு சேலம் செவ்வாய்ப்பேட்டைக்குப் போனார். கடைக்கார பாய் பெட்டியைத் திறந்ததுமே அப்பாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"சாவி இல்லாம எப்படி ஓடுமுங்க? உள்ள பூச்சி கீச்சி உட்டு வெச்சிருக்கறீங்களா?"

"கட்டுன கை ஆடினாப் போதுமுங்க, அதுவா ஓடும்" என்றார் பாய்.

அப்பா லேசில் யாரையும் நம்ப மாட்டார். மாட்டைக்கூட ஏரில் பூட்டி ஓட்டிப் பார்த்த பிறகுதான் கயிறு மாற்றி வாங்குவார். கடிகாரத்தையும் சரியில்லாவிட்டால் திருப்பித் தருவதாகப் பேசித்தான் வாங்கினார். தன் கையிலேயே கட்டிக்கொண்டு தினமும் நாள் முழுக்கக் காட்டில் உழுதார். தோல் வாரில் வியர்வை நாற்றம் ஏறிவிடும் என்று நான் கத்தியது அவர் காதில் ஏறவில்லை. கடிகாரம் ஒரு நாளும் நிற்கவில்லை.

நிச்சயத்தன்று அதைத் துடைத்து மாப்பிள்ளைக்குக் கட்டினார். வாரில் அப்பா மாட்டியிருந்த ஓட்டையே அவருக்கும் சரியாக இருந்தது.

ஆடி மாதம் கடிகாரம் திரும்பி வந்தது. தினமும் நின்றுபோகிறதாம், மட்டமான சரக்கைத் தலையில் கட்டிவிட்டோமாம். எனக்கு ரத்தம் கொதித்தது. இதைச் சாக்காக வைத்து இன்னும் எதையோ கறக்கப் பார்க்கிறார்கள் என்று நினைத்தேன். பெட்டியைத் திறந்து பார்த்தால், வாரில் பழைய ஓட்டைகளைத் தாண்டி உள்ளே தள்ளி மூன்று புது ஓட்டைகள். கடையில் போட்டவை அல்ல, வீட்டில் ஊசியால் குத்தியவை. கடைசி ஓட்டையில் மாட்டிப் பார்த்தேன். என் கைக்கே இறுக்கியது.

"ஏனுங்கப்பா, அவுங்க கை இத்தனை எளைச்சுப் போச்சுங்களா?"

அப்பா வாரை வாங்கித் தடவிப் பார்த்தார். கை ஆடினால்தான் கடிகாரம் ஓடும் என்று பாய் சொன்னது அவருக்கும் அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். மறுநாள் கடிகாரத்தை மடியில் கட்டிக்கொண்டு, சொல்லாமல் கொள்ளாமல் வெண்ணந்தூர் போனார்.

திரும்பி வந்ததும், கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டதாகச் சொன்னார். நோயை மறைத்தவர்களைத் திட்டித் தீர்க்க நான் வாய் எடுத்தேன்.

"இரு சாமி" என்றார் அப்பா. "பையன் பின்கட்டுல படுத்துக் கெடக்கறான். ஒரே இருமல். கடியாரத்துல ஒரு குத்தமும் இல்லைன்னு சொன்னேன். 'அப்ப என்னாலதான் நின்னுச்சுங்களா மாமா?'ன்னு கேக்கறான். அவன் கையிலயே கட்டிட்டு வந்துட்டேன்."

திட்ட எடுத்த வாயில் எனக்கு அழுகைதான் வந்தது.