நேயர் விருப்பத்தில் வந்த என் பெயர்

தொண்ணூறுகளின் பிற்பகுதி, மாசி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. ரொறன்ரோவிலிருந்து வடக்கே இரண்டரை மணித்தியாலம் கார் ஓடினால் வருகிற ஒரு பனிச்சறுக்கு மலையூரில் இது நடந்தது. நாங்கள் அப்போது ஸ்காபரோவில், வோபர்ன் பக்கத்து அடுக்குமாடி ஒன்றில் இருந்தோம். நான் கணினித் தொழில்நுட்பம் படித்து முடித்து, கடைகளின் காஷ் ரெஜிஸ்ரர்களையும் ரிக்கற் அச்சடிக்கும் கணினிகளையும் திருத்தும் சிறிய நிறுவனம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை.

அந்த மலையில் ரிக்கற் அச்சடிக்கிற இயந்திரம் நின்றுபோய்விட்டது. சனி, ஞாயிறு கூட்டம் வருமுன் அதை ஓடவைக்க வேண்டும். "நான் போறன்" என்று முந்திக்கொண்டு சொன்னது நான்தான். தனியாக அவ்வளவு தூரம் போவது அதுதான் முதல் தடவை.

எதையும் ஒழுங்குபடுத்தி வைத்துக்கொண்டு செய்வது என் சுபாவம். காருக்குள் கம்பளி, சிறிய மண்வெட்டி, உப்பு, மெழுகுதிரி. இடுப்பில் அலுவலகத்துப் பேஜர். ஊரின் பெயரை எழுதிக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டினேன். அம்மா தன் பங்குக்கு நீலப் பெட்டி ஒன்றில் புட்டும் கத்தரிக்காய்ப் பொரியலும் கட்டித் தந்தார்.

"இருட்டமுன்னம் வந்திடுவியோ?"

"ஓம் அம்மா. அஞ்சு மணிக்கு வீட்டில நிப்பன்."

எங்கள் வீட்டில் இது சாதாரணக் கேள்வி இல்லை. என் அண்ணா யாழ்ப்பாணத்தில் ஒரு பின்னேரம் சைக்கிளை எடுத்துக்கொண்டு ரியூசனுக்குப் போனவன். திரும்பி வரவே இல்லை. அதன் பிறகு அம்மாவுக்கு, இருட்டுப்பட்ட பின்னும் வராத பிள்ளை என்றால் ஒரே அர்த்தம்தான். கனடாவுக்கு வந்தும் அது மாறவில்லை. நான் பஸ்ஸைத் தவறவிட்டால்கூட முதலில் தேடுவது பொதுத் தொலைபேசியைத்தான்.

வேலை இலகுவாக முடிந்தது. இரண்டு மணிக்குப் புறப்பட்டேன். ஊருக்கு வெளியே வந்து சில நிமிடம்தான் இருக்கும், ஏரிப் பக்கமிருந்து காற்று எழும்பியது. வீதி, வேலி, வயல் எல்லாம் ஒரேயடியாக மறைந்துவிட்டன. கார் கண்ணாடிக்கு முன்னால் வெள்ளைச் சீலையைக் கட்டித் தொங்கவிட்டதுபோல இருந்தது. மெதுவாகத்தான் ஓடினேன். அப்படியிருந்தும் கார் ஒரு பக்கமாக வழுக்கி, சத்தமே இல்லாமல் வீதியோரப் பள்ளத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

எனக்கு ஒரு கீறலும் இல்லை. ஆனால் கதவைத் திறக்க முடியவில்லை. பேஜரைப் பார்த்தேன், அந்தப் பக்கம் அதற்குச் சிக்னலே இல்லை. என்ன செய்யலாம் என்று மனத்துக்குள் ஒன்று, இரண்டு என்று அடுக்கிக்கொண்டிருந்தபோது யாரோ கண்ணாடியில் தட்டினார்கள். செம்மஞ்சள் நிறப் பெரிய ஜக்கெற்றுக்குள் ஒரு பெண். கையில் பனி அள்ளும் சவள். பனியை வாரி எறிந்து, கதவை இழுத்துத் திறந்து, என்னைக் கையில் பிடித்துத் தூக்கிவிட்டாள். எதிர்ப்பக்கத்தில் அவளுடைய கடை இருந்தது எனக்குத் தெரியவே இல்லை, அவ்வளவு பனி.

மலைக்கு வருகிறவர்களை நம்பி இருக்கிற கடை. மேப்பிள் பாகு, கம்பளிக் காலுறை, கையால் பின்னிய தொப்பி, பழைய சறுக்குப் பலகை எல்லாம் விற்றாள். அத்தோடு அந்த ஊர் வாரப் பத்திரிகையில் அவர்கள் வீதியின் செய்தியை எழுதுபவளும் அவள்தான். யார் வீட்டுக்கு யார் விருந்துக்கு வந்தார்கள், யாருடைய மாடு கன்று போட்டது, எந்தத் தேவாலயத்தில் எப்போது விருந்து என்றெல்லாம் கிழமைக்குக் கிழமை எழுதுவாளாம். நான் தலையைத் துடைத்து முடிப்பதற்குள் என்னிடமும் இரண்டு மூன்று கேள்வி கேட்டுவிட்டாள். "இந்தக் கிழமை எழுத ஒன்றுமில்லையே என்று இருந்தேன், நீ வந்து பள்ளத்தில் விழுந்தாய்" என்று சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. தொலைபேசி எங்கே என்று கேட்டேன். எடுத்துத் தந்தாள். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. எங்கேயோ கம்பம் விழுந்திருக்கும் என்றாள். சற்று நேரத்தில் மின்சாரமும் போனது.

ஜன்னலுக்கு வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. நேரம் ஐந்தைத் தாண்டிவிட்டது. அம்மா இப்போது பல்கனிக் கண்ணாடியருகே நின்று கீழே கார் தரிக்குமிடத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார் என்று எனக்குத் தெரியும். அப்பாவுக்குத் தொழிற்சாலையில் பின்னேர வேலை. வீட்டில் அம்மா தனியே. பனி என்னை ஒன்றும் செய்யப்போவதில்லை, விறகடுப்பு எரிகிறது. என் பயமெல்லாம் அம்மாவை நினைத்துத்தான்.

அந்தப் பெண் என்னைக் கதிரையில் இருத்தினாள். நான் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து பாதியை அவளுக்குக் கொடுத்தேன். கத்தரிக்காயை இரண்டாம் தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். பற்றரியில் ஓடும் சின்ன வானொலியைத் திருகிவைத்தாள். உள்ளூர் நிலையம். வீதிகள் மூடப்பட்டுவிட்டன. தேவாலய விருந்து ஒத்திவைக்கப்பட்டது. தபால் நிலையத்துக்குப் பக்கத்தில் மண்ணிற நாய் ஒன்று நிற்கிறது, உரியவர்கள் வந்து கூட்டிப் போகவும்.

நாய்க்கு அடுத்ததாக என் பெயர் வந்தது.

அறிவிப்பாளருக்கு என் பெயரைச் சொல்லவே நாக்குச் சுளுக்கியிருக்கும். ஸ்காபரோவிலிருந்து வந்த பெண், சிவப்பு ஜக்கெற், ஒற்றைப் பின்னல், கணக்கில் கெட்டிக்காரி, நல்ல பிள்ளை, கையில் நீலச் சாப்பாட்டுப் பெட்டி. இவளை யாராவது கண்டால் தாய்க்குத் தகவல் கொடுக்கவும். ஊரில் உள்ள எல்லா மோட்டல்களின் தொலைபேசிகளும் ரொறன்ரோ அழைப்புகளால் நிரம்பிவிட்டன, தயவுசெய்து அந்தப் பிள்ளையை யாராவது கண்டுபிடியுங்கள் என்று கெஞ்சினார்.

அந்தப் பெண் என் ஜக்கெற்றைப் பார்த்தாள். பின்னலைப் பார்த்தாள். மடியில் இருந்த நீலப் பெட்டியைப் பார்த்தாள். "கணக்கில் கெட்டிக்காரியா நீ?" என்று கேட்டுவிட்டுத் தொப்பியை எடுத்து மாட்டினாள்.

வீட்டில் என்ன நடந்தது என்பதைப் பிறகு எனக்குச் சொல்லாத ஆளே இல்லை. அந்த நாட்களில் தமிழ் வானொலி கேட்கவென்றே தனிப் பெட்டி ஒன்று வாங்கி வைத்திருப்போம். எங்கள் வீட்டில் அது குசினியில் நாள் முழுக்க ஓடும். அலுவலகத்துக்கு எடுத்தபோது நான் இரண்டு மணிக்கே வெளிக்கிட்டுவிட்டதாகச் சொல்லியிருக்கிறார்கள். தொலைக்காட்சியில் வடக்கு வீதிகள் மூடிய செய்தி. வானொலியிலோ நேயர் விருப்பம் போய்க்கொண்டிருந்தது. அம்மா அந்த இலக்கத்தைச் சுழற்றினார். நேரடியாகவே தொடர்பு கிடைத்துவிட்டது.

"வணக்கம் அம்மா, சொல்லுங்கோ, என்ன பாட்டு வேணும்?"

"பாட்டு வேண்டாம் தம்பி. என்ர பிள்ளையைக் காணேல்லை."

அவ்வளவுதான். அந்த அறிவிப்பாளர் தம்பி பாட்டை நிறுத்தினார். ஊரின் பெயரைக் கேட்டார், அம்மா குளிர்சாதனப் பெட்டிக் கதவிலிருந்து எழுத்துக் கூட்டி வாசித்தார். பிள்ளை எப்படி இருப்பா என்று கேட்டார், அம்மா எல்லாவற்றையும் சொன்னார், புட்டுப் பெட்டியையும் விடாமல். பிறகு சனம் தொடங்கியது. ஸ்காபரோ, றிச்மண்ட் ஹில், எங்கெங்கோ இருந்தெல்லாம் அந்த மலையூரின் மோட்டல்களைத் தேடி அழைத்திருக்கிறார்கள். ஒருவர் என்னைக் கேட்டாராம். அடுத்தவரும் என்னைக் கேட்டுவிட்டு, கோடையில் ஒன்பது பேருக்கு அறை என்ன விலை, அறைக்குள் சமைக்கலாமோ என்றும் விசாரித்தாராம். கடைசியில் மோட்டல்காரர் ஒருவர்தான் என் விபரத்தை உள்ளூர் வானொலிக்குக் கொடுத்தாராம்.

காற்றும் கொஞ்சம் அடங்கியிருந்ததால் அந்தப் பெண் என்னைப் பனியில் ஓடும் தன் ஸ்னோமொபைலில் பின்னால் இருத்திக்கொண்டு ஊருக்குள் இருந்த தீயணைப்பு நிலையத்துக்குக் கொண்டுபோனாள். வாழ்க்கையில் நான் அப்படி ஒருவரைக் கட்டிப்பிடித்ததில்லை. அங்கே தொலைபேசி வேலை செய்தது. வீட்டுக்கு அடித்தேன். இலக்கம் பிஸி. மறுபடி அடித்தேன், பிஸி. ஆறுதல் சொல்கிறவர்கள் எல்லாரும் அம்மாவின் தொலைபேசியைப் பிடித்துவைத்திருந்தார்கள். நான் உயிரோடு நிற்கிறேன், அதைச் சொல்லத்தான் வழியில்லை.

அப்போதுதான் யோசனை வந்தது. தமிழ் வானொலியின் இலக்கம் எங்கள் எல்லாருக்கும் மனப்பாடம். அடித்தேன். பெயரைச் சொன்னதும் அறிவிப்பாளர் என்னை நேரடி ஒலிபரப்பில் இணைத்தார். பிறகு, "தங்கச்சி, நீங்கள் இப்ப காத்தில நிக்கிறியள். அம்மா கேட்டுக்கொண்டிருப்பா. கதையுங்கோ" என்றார்.

என்ன பேசுவதென்று தெரியவில்லை. தெரியாதபோது நான் இலக்கம் போடுவேன்.

"அம்மா, நான்தான். ஒண்டு, எனக்கு ஒண்டுமில்லை. ரெண்டு, கார் பள்ளத்துக்க நிக்குது, உடையேல்லை. மூண்டு, சாப்பிட்டிட்டன். நாலு, இஞ்ச ஒரு அன்ரியோட நிக்கிறன், விடிய றோட்டுத் திறந்தோடனை வாறன்."

அறிவிப்பாளர் உடனே, "நேயர்களே, எல்லாரும் அந்த அம்மாவின்ர ரெலிபோனை விடுங்கோ, மகள் எடுக்கப் போறா" என்றார். நான் மறுபடியும் வீட்டுக்கு அடித்தேன். முதல் மணியிலேயே அம்மா எடுத்தார்.

"கேட்டனீங்களோ அம்மா?"

"கேட்டன். திரும்பச் சொல்லு."

ஒன்றிலிருந்து நாலு வரை திரும்பச் சொன்னேன். ஐந்தாவதாக என்ன சொன்னேன் என்பது எனக்கும் அம்மாவுக்கும் மட்டும்.

மறுநாள் மதியம் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். அன்றிலிருந்து பலசரக்குக் கடை, கோயில், பஸ் தரிப்பிடம் எங்கே போனாலும் என்னைத் தெரிந்துகொண்டார்கள். "நீங்கள்தானே ஒண்டு ரெண்டு மூண்டு சொன்ன பிள்ளை?" பக்கத்து வீட்டு அன்ரி ஒருபடி மேலே போய், "வயசு, படிப்பு, குணம் எல்லாம் ரேடியோவில சொல்லியாச்சு, இனிப் புறோக்கரும் தேவையில்லை" என்றார். எனக்குக் கூச்சமாக இருந்தது. அம்மாவிடம் கொஞ்சம் கோபமாகவே கேட்டுவிட்டேன்.

"பொலிசுக்கு மட்டும் அடிச்சிருக்கலாமே அம்மா. ஏன் ஊர் முழுக்கச் சொன்னனீங்கள்?"

அம்மா வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். கையை நிறுத்தவில்லை.

"அண்ணாவைக் காணேல்லை எண்டு நான் ஒருத்தரிட்டையும் கேக்கேல்லை பிள்ளை. கேக்காதை எண்டிச்சினம். கேட்டா மற்றப் பிள்ளையளுக்கும் கரைச்சல் வரும் எண்டிச்சினம். அவன்ர பேரைக்கூட மெல்லமாத்தான் சொன்னனாங்கள். இந்த முறை என்னால வாயைப் பொத்திக்கொண்டு இருக்கேலாமப் போச்சு."

பக்கத்தில் உட்கார்ந்து நானும் ஒரு வெங்காயத்தை எடுத்தேன்.

அந்தக் கோடையில் இரண்டு வான் வண்டிகளில் அந்த ஊருக்குப் போனோம். எங்கள் குடும்பம் மட்டுமில்லை, அன்றைக்குத் தொலைபேசி எடுத்தவர்களில் பலர், "நாங்களும் ஒருக்காப் பாக்க வேணும்" என்று வந்துவிட்டார்கள். பனியில்லாத மலை பச்சைப் பசேலென்று இருந்தது. சறுக்குகிறவர்கள் வராத காலத்தில் அந்தக் கடைக்கு இத்தனை பேர் வந்தது அதுவே முதல் தடவையாம். ஆடி மாத வெயிலில் எங்கள் ஆட்கள் கம்பளிக் காலுறையை அள்ளிக்கொண்டார்கள். மேப்பிள் பாகைப் புட்டுக்கு விட்டுப் பார்க்கலாமோ என்று கடைவாசலில் ஒரு வாக்குவாதமே நடந்தது. மோட்டல்காரருக்கு ஒரு பெட்டி மாம்பழம் கொடுத்தோம். அவர் எங்களைக் கண்டதும் பகிடிக்குத் தொலைபேசி வயரைக் கழற்றிக் காட்டினார்.

அம்மா அந்தப் பெண்ணின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு நின்றார். அம்மாவுக்கு ஆங்கிலம் வராது, அவளுக்குத் தமிழ் வராது. கத்தரிக்காய்ப் பொரியல் ஒரு பெரிய போத்தல் நிறையக் கொண்டுபோயிருந்தோம், அதை வாங்கி அவள் உடனேயே மூடியைத் திறந்தாள்.

பிறகு குறிப்பெழுதப் பேனாவை எடுத்தாள். இந்தக் கிழமை எங்கள் வருகைதான் அவளுடைய வீதிச் செய்தியாம். பனிப்புயல் கதையையும் சேர்த்து எழுதப் போகிறாளாம். அதில் உன் அம்மா என்ன சொல்ல விரும்புகிறார், கேட்டுச் சொல் என்றாள். நன்றி என்று ஏதாவது சொல்வார் என எண்ணிக்கொண்டு அம்மாவிடம் கேட்டேன்.

அம்மா அவளுடைய பேனாவைக் காட்டினார்.

"எழுதச் சொல்லு," என்றார். "பிள்ளையைக் காணேல்லை எண்டு நான் கேட்ட உடனை, இஞ்ச எல்லாரும் தேடினவை எண்டு."

அந்த வரியை நான் ஆங்கிலத்தில் சொன்னேன், அவள் எழுதிக்கொண்டாள். அடுத்த கிழமை பத்திரிகையில் அது அப்படியே வந்திருந்தது. இன்றைக்கும் எங்கேயாவது ஒரு தாய் தன் பிள்ளையைக் காணவில்லை என்று சத்தமாகக் கேட்டால், அவரை அறிந்தவளோ இல்லையோ, முதலில் தொலைபேசியைக் கையில் எடுக்கிறவளாக நான் இருக்க வேண்டும் என்றுதான் நினைத்துக்கொள்கிறேன்.