ஒரே தறியில் கட்டிய கட்டுரை

அந்தப் பெண்ணைத் திருடி ஆக்கியவர் நீங்கள்தான், பிரின்சிபால் சார். சுற்றி வளைத்துப் பேச எனக்குத் தெரியாது.

எண்பதுகளின் தொடக்கம் அது. ஒரு பத்தி கூடச் சொந்தமாக எழுத வராத முதலாண்டுப் பிள்ளைகளை என் தலையில் கட்டினீர்கள். பாதிப் பேர் கண்ணமங்கலம், படவேடு பக்கத்துக் கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைகள். மீதி ஆரணித் தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகள். 'மழைக்காலம்' என்று தலைப்புக் கொடுத்தால் "மழை இயற்கை அன்னையின் கொடை" என்றுதான் அத்தனை பேரும் தொடங்குவார்கள். கைடு அப்படித்தான் தொடங்கும். கைடை மூடு, மழை பெய்தால் உன் வீட்டில் என்ன நடக்கும், அதை எழுது என்று தினமும் கத்தினேன்.

அந்த வகுப்பில் ஒரு அண்ணனும் தங்கையும் இருந்தார்கள். நடுவில் படிப்பை விட்டு மறுபடி சேர்ந்தவன் அவன். காலையில் இருவரும் ஒரே தறியில் நெய்துவிட்டுத்தான் கல்லூரிக்கு வருவார்கள். புடவையின் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்றால் தறிக்கு இரண்டு பேர் வேண்டும். அவன் உடலுக்கு நூல் கோத்த நாடா எறிவான். அவள் ஓரத்தில் உட்கார்ந்து கரைக்கு எறிவாள். மழைக்காலக் கட்டுரையையும் அப்படித்தான் கட்டினார்கள். அவன் ஒரு வாக்கியம் சொல்வான், அடுத்ததை அவள் சொல்வாள். நெய்து முடிப்பதற்குள் இருவருக்கும் மனப்பாடம்.

தேர்வில் மழைக்காலமே வந்தது. "மழை பிடித்தால் தறியில் பாவு நூல் ஈரமாகிவிடும். அப்பா கூரையைப் பார்த்துத் திட்டுவார். நாங்கள் வேலையை நிறுத்திவிட்டு அவர் வாயையே பார்ப்போம்." இரண்டு தாளிலும் சொல்லுக்குச் சொல் இதே.

இருவரையும் உங்கள் அறைக்குக் கூப்பிட்டீர்கள். நானும் நின்றேன்.

"யாரைப் பாத்து யார் எழுதினது?"

"ரெண்டு பேரும் சேந்து செஞ்சது சார், தறியில பேசிகினே" என்றான் அண்ணன்.

"பேசிகினு புடவை நெய்யி. இங்க எதுக்கு வந்த?"

மற்றவர்களின் தாள்களை மேசையில் போட்டேன். "இவ்ளோ பேரும் இயற்கை அன்னைன்னே எழுதியிருக்காங்களே, இது காப்பி இல்லையா சார்?"

"அது புக்ல இருக்குதும்மா. நீங்க சும்மா இருங்க."

பிறகு அவர்கள் பக்கம் திரும்பினீர்கள். "ஒருத்தர் ஒத்துக்கினு டி.சி. வாங்கிக்குங்க. இன்னொருத்தர் மீதிப் பரீட்சை எழுதலாம். ஜல்தி சொல்லுங்க, எனக்கு வேலை கீது."

அண்ணன் வாயைத் திறப்பதற்குள் அவள் சொன்னாள்: "நான்தாங்க சார் பாத்து எழுதினேன்."

"பொய் சொல்லுது சார்!"

"நீ சும்மா இருண்ணா."

தேர்வன்று அவன் கீழ் ஹாலில் எழுதியிருந்தான். அவள் மாடியில் எழுதியிருந்தாள். எதைப் பார்த்து எழுதியிருப்பாள் என்று கேட்டேன். "அதான் ஒத்துக்கிச்சே" என்று கையெழுத்துப் போட்டீர்கள். அவன் படித்து முடித்தான். அவள் அதற்குப் பிறகு எந்தக் கல்லூரி வாசலையும் மிதிக்கவில்லை.

இந்த வருஷம் பழைய மாணவர் கூட்டத்துக்கு நீங்கள்தான் தலைமையாம். மைக் உங்கள் கையில் இருக்கும். அவள் யாருடையதைத் திருடினாள்? அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொல்லுங்கள் சார். நான் முன் வரிசையில் இருப்பேன்.